ஒன்றரை விரல் வாய்க்கான சமையல்

அம்ரேலி,
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்பு மகள் ஹிரலுக்கு அப்பாவின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. வின்னிபெக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜயேஷும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க துவாரகைக்காரன் துணை இருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும். நேற்றிலிருந்து மூன்று தாளில் அப்படி எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன், ஆகையால் இந்தத் தாளில் அந்த வரி இல்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் படிக்காதே, உட்கார்ந்து படி. அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயம் என்னுடையது.

நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். உன் பிளாக்கில் இனிமேல் பஸ் ஸ்டாண்டுத் தீனி பற்றி எழுதப்போவதாகவும், நான் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராகப் போய்வந்த வழித்தடத்தில் எந்த ஸ்டாண்டில் எது ருசி என்று பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியும், கூடவே நான் ஊர்ப் பேர்களைக் கூவும் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியும் கேட்டாய். "அப்பா, கத்தியவார் சமையலை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு கண்டக்டரோட பொண்ணு எழுதுற பஸ் ஸ்டாண்டு சாப்பாடு எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு"ன்னு நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது, நான் பக்கத்தில்தான் இருந்தேன், அம்மா போனை நீட்டியதும் வழக்கம்போல எழுந்து வெளியே போய்விட்டேன். நல்ல யோசனைதான் மகளே. உனக்கென்று ஒரு இடம் பிடிக்க நீ படும் பாட்டை தீபாவளியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் டோக்ளா எழுதினாய், சுட்ட கத்தரிக்காய் எழுதினாய், சேவ் போட்ட தக்காளிக் கறி எழுதினாய், பதினோரு பேர் படித்தார்கள், அதில் ஏழு பேர் நம் சொந்தக்காரர்கள். அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன், உனக்குத் தெரியாது, நான் ஒரு நாள்கூடப் படிக்காமல் விட்டதில்லை.

குரலை முதலில் சொல்கிறேன். போன வாரம் காலையில் மொட்டைமாடிக்குப் போய் போனை கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, சலாலா, தாரி, விசாவதர், ஜுனாகட் என்று நீ கேட்டபடியே கூவினேன். பிறகு போட்டுக் கேட்டேன். வாயில் கல்லை அடக்கிக்கொண்டு ஒருவன் முனகுவதுபோல் இருந்தது. சலாலா என்பது மட்டும் ஏதோ விளங்கியது, மற்ற மூன்றும் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா கீழேயிருந்து, "யாரைக் கூப்பிடுறீங்க, விழுந்துட்டீங்களா"ன்னு கேட்டுக்கொண்டே முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்துவிட்டாள். அதை அழித்துவிட்டேன். என் வாய் திறப்பதில்லை ஹிரல். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மிளகாய் எரிய ஆரம்பித்தது, பிறகு கம்பு ரொட்டியை உருட்டி வாய்க்குள் வைக்க முடியவில்லை, போன ஜூனில் இங்கே டாக்டரம்மாவிடம் போனேன். "மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நிமுத்தி பல்லுக்கு நடுவுல விடுங்க மன்சுக்பாய்" என்றார். இரண்டுதான் போயிற்று. "மூணும் போகணும். எத்தனை வருஷமா புகையிலை மாவா போடுறீங்க" என்று கேட்டார். இப்போது ஒன்றரை விரல்தான் போகிறது. குளிர்காலம் முழுவதும் வீடியோவில் நான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து போனேனே, அது இதனால்தான். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி ராஜ்கோட்டில் இடது கன்னத்தின் உள்ளிருந்த புண்ணிலிருந்து சதை எடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. புற்றுநோய்தான். கழுத்துப் பக்கம் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை என்றார்கள், அதைப் பெரிய ஆறுதலாகச் சொன்னார்கள். பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை கன்னத்தையும் தாடையில் ஒரு பகுதியையும் எடுக்கிறார்கள். பேச்சு எப்படியிருக்கும் என்று கேட்டேன். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர், "அதை இப்ப சொல்ல முடியாதுங்க" என்று மேஜையைப் பார்த்தார்.

இப்போது நீ கேட்ட பட்டியலுக்கு வருகிறேன், எனக்கு ஆபரேஷனைவிட இதை எழுதத்தான் பயம். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அப்பா என்ன தின்றார் என்று கேட்டாய். தாரியில் கடலைமாவில் பொரித்த காட்டியாவும் பப்பாளிச் சட்னியும் பேர்போனது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் உனக்கு வாங்கி வந்திருக்கிறேன். நான் தின்றது கிடையாது. சலாலாவில் மாவா, தாரியில் மாவா, விசாவதரில் மாவா, ஜுனாகட்டில் இறங்கியதும் டீக்கு முன்னால் மாவா. பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் போட்ட பிளாஸ்டிக் தாளை உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கும் சத்தம்தான் எனக்கு அந்த ஸ்டாண்டுகள். டிரைவர் ஜூசப்பாயும் நானும் ஒரே பொட்டலத்தில் பங்கு போட்டுக்கொள்வோம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் கணக்கு. நான் உனக்குப் பட்டியல் போட்டால் முதல் வரியிலிருந்து பொய்யாக இருக்கும். நீ பத்தாம் வகுப்பில் படிக்கும்போது என் காக்கிச் சட்டைப் பையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாய். செய்தேன். பதினோராவது நாள் பாப்ரா போகிற வண்டியில் மறுபடியும் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து உன் கல்யாணம்வரை, நீ விமானம் ஏறிய நாள்வரை, நீ என்னை நம்பிக்கொண்டிருந்தாய். வியாதியை மறைத்ததே அந்தச் சத்தியத்தை மீறியது உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் மகளே. ஜூனில் டாக்டரம்மா நிறுத்தச் சொன்ன பிறகும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சதை எடுத்த அன்றுதான் நிறுத்தினேன். இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியது நான். டிசம்பரில் நீ அவளிடம், "எல்லாரும் ஒரே சமையலை எழுதுறாங்கம்மா, நம்ம வீட்டுல மட்டும் இருக்கற மாதிரி ஏதாவது சொல்லு, இன்னிக்கி அடுப்புல என்ன இருக்கு"ன்னு கேட்டாய். அவள் அடுப்பில் இருந்ததைச் சொன்னாள். பச்சைப்பயறு கிச்சடியைக் குழைய வேகவைத்து கரண்டியின் முதுகால் மசித்து சல்லடையில் தேய்த்து நெய் விட்டது, சுரைக்காயைச் சீவிப் பாலில் வேகவைத்தது, கம்பு மாவில் வெல்லமும் நெய்யும் போட்டுக் காய்ச்சிய கூழ். எதிலும் மிளகாய் கிடையாது. உனக்கு அது புதிதாக இருந்தது, மிளகாயில்லாத கத்தியவார் என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தாய், இதுதான் என் தனி வழி என்று குதித்தாய். எங்கள் அம்மா சீரகத்தைத் தாளிக்கவே மாட்டாள், வறுத்துப் பொடித்துத்தான் போடுவாள், அதுதான் எங்கள் வீட்டு மணம் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா முப்பது வருஷம் சீரகத்தை முழுசாகத்தான் எண்ணெயில் பொரித்தாள். முழுச் சீரகம் என் புண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால்தான் பொடித்தாள். நான் தின்று மீதி வைத்த கிண்ணத்தைத்தான் நீ உலகத்துக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாய், எனக்கு வாசலில் துணியில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. அதற்குக் கீழே யாரோ ஒருவன், "இது கத்தியவாரா, கவர்மெண்டு ஆஸ்பத்திரியா"ன்னு எழுதியிருந்தான். அன்றைக்கு நான் அம்மாவிடம் கத்தினேன், கத்தவும் வாய் வரவில்லை, கிண்ணத்தைத் தட்டிவிட்டேன், கூழ் சுவரெல்லாம் தெறித்தது. இனிமேல் அவளுக்கு எதுவும் சொல்லாதே என்றேன். அம்மா துடைத்துக்கொண்டே, "அவ கேட்டா, அடுப்புல இருக்கறதைச் சொன்னேன். நீங்க வாயால சொல்ல மாட்டீங்க, என்னையும் சொல்ல விட மாட்டீங்க. சொல்ல மாட்டேன்னுதான் வாக்குக் குடுத்தேன். பொய் சொல்றேன்னு குடுக்கலை" என்றாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நேரத்துக்குக் கிண்ணம் மட்டும் வரும்.

உத்தராயணத்துக்குப் பட்டம் விடுகிற நாள் கழிந்து ஒரு வாரத்தில் ரஸீலா என்ற பெண், ஊர் ஜஸ்தன் என்று போட்டு, உனக்கு எழுதியதைப் படித்தேன். "சகோதரி, நீங்க எழுதுறதை எல்லாம் என் வீட்டுக்காரருக்குச் செய்யறேன். தாடை ஆபரேஷன் ஆனவர். உங்க வீட்டுல யாருக்கு?" என்று கேட்டிருந்தாள். நீ அதற்கு, "எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க, கடவுள் புண்ணியம். இது சும்மா எங்க அம்மா கைப்பக்குவம்"னு பதில் போட்டிருந்தாய். நான் அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு உனக்கும் மனசு சரியில்லை, நோயாளிச் சாப்பாடு என்று பேர் வந்துவிட்டால் யார் படிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த வழியையே விட்டு பஸ் ஸ்டாண்டுத் தீனிக்குப் போய்விட்டாய்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்ததா, வியாழக்கிழமை நான் அம்மாவிடம் டெப்போவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜஸ்தன் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்காதே, தாடை எடுத்த மனிதன் எப்படி இருப்பான் என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. முகவரி தெரியாது. ஜஸ்தன் ஸ்டாண்டில் பழைய ஆள் ஒருவரிடம் தாடை ஆபரேஷன் ஆன வைரப் பட்டறைக்காரர் யாராவது உண்டா என்று விசாரித்தேன், வைரப் பட்டறைக்காரராகத்தான் இருப்பார் என்று நானே ஊகித்துக்கொண்டேன், அந்த ஊரில் பாதிப்பேர் அந்த வேலைதானே. ஊகம் சரியாக இருந்தது. ரஸீலாவுக்கு உன் வயசுதான் இருக்கும், புருஷன் கோவிந்துக்கு முப்பத்தெட்டு. அம்ரேலியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன், வாயைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, உள்ளே வாங்க பாய் என்று தரையில் விரிப்பைப் போட்டாள். கோவிந்த் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது, தொடையிலிருந்து எடுத்த தோலை வைத்துத் தைத்திருக்கிறார்கள். சின்ன தட்டைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துண்டால் உதட்டோரம் துடைத்து, ஒரு கிண்ணத்தை நாற்பது நிமிஷம் சாப்பிட்டான். அவன் பேச்சு முதலில் எனக்கு விளங்கவில்லை, ரஸீலா திருப்பிச் சொன்னாள், கொஞ்ச நேரத்தில் அவள் சொல்லாமலே விளங்கியது. "மொத நாலு மாசம் கண்ணாடியே பாக்கலை. சாகத்தான் நெனச்சேன். அப்புறம் பசிச்சுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான், மறுபடி கிண்ணத்தில் குனிந்துகொண்டான்.

கிண்ணத்தில் என்ன என்று கேட்டேன். பாலில் வெந்த சுரைக்காய். ரஸீலா போனைத் திறந்து உன் பக்கத்தைக் காட்டினாள். "ஆஸ்பத்திரியில கஞ்சி குடு, முட்டை அடிச்சுக் குடு, பவுடர் கலக்கிக் குடுன்னாங்க. நாங்க முட்டை தொட மாட்டோம். சுரைக்காயைப் பால்ல வேகவெச்சா புண்ணுல எரியாதுன்னு எந்த டாக்டரும் எனக்குச் சொல்லலை, வின்னிபெக்ல இருக்கற ஒரு பொண்ணு சொன்னா. ஒரு மாசமா இவர் தட்டைத் தள்ளாம சாப்பிடுறார். இப்ப திடீர்னு காட்டியா, பஜ்ஜின்னு எழுதப்போறேன்னு போட்டிருக்கா. அவளுக்கு என்ன, அவ வீட்டுல யாருக்கும் இல்லை" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை ஹிரல். அது என் மகள், அது என் கிண்ணம், அவளுக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப அவ எழுதின பொய்யை அவ சொல்லலை பாய். நீங்க சொல்ல வெச்சிருக்கீங்க. ஆபரேஷனை வெச்சுக்கிட்டு பெத்த பொண்ணுக்குச் சொல்லாம, முன்னப்பின்ன தெரியாத எங்க வீட்டுல வந்து உக்காந்திருக்கீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். அந்நியர் வீட்டில், இரண்டு பேர் பார்க்க, மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். ஒரு வருஷத்தில் அம்மாவைத் தவிர வேறு யார் முன்னாலும் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அன்றே போன் போடுகிறேன் என்றாள், நான்தான் முதலில் எழுத வேண்டும், என் வாயால் முடியாததை என் கையால் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் தவணை கேட்டேன். அதற்குள் உன் பிளாக்குக்கு அம்மா ஒரு யோசனை வைத்திருக்கிறாள், அவள் பத்தாவதுகூடப் போகாதவள், ஆனால் சொல்வதைக் கேள். "மிளகாய் இருக்கா இல்லையான்னு பிரிச்சா யாருக்குப் பிரயோசனம். மூணு விரல் போற வாய்க்கு இது, ரெண்டு விரலுக்கு இது, ஒண்ணரைக்கு இதுன்னு பிரிக்கச் சொல்லுங்க. எனக்கு ஜூன்ல அப்படி ஒருத்தி சொல்லியிருந்தா எத்தனை கிண்ணம் வீணாகாம இருந்திருக்கும்" என்றாள். ரொட்டியை என்ன செய்வது என்று ரஸீலா என்னிடம் கேட்டாள், கம்பு ரொட்டிக்கு அவள் புருஷன் ஏங்குகிறானாம். அதற்கு அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள், ரொட்டியை முதல் நாளே சுட்டு ஆறவைத்து, உடைத்து மோரில் ஊறப்போட்டு, அரைத்து வடிகட்டி, வெண்ணெய் போட்டு வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும், சூடாகக் கொடுக்கவே கூடாது. நேற்று நான் சாப்பிட்டேன். சுட்ட கம்பின் வாசனை மூக்குக்கு வந்தது, சாப்பிட்டுக்கொண்டே அழுதுவிட்டேன், கண்ணீர் அதில் விழுந்து உப்பு கூடிவிட்டது என்று அம்மா திட்டினாள்.

எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். நீ தேடிய தனி இடம் சந்தோஷமான இடமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாய், இது அப்படிப்பட்ட இடம் இல்லை. ஆனால் இங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள், ராஜ்கோட்டில் அந்த வார்டுக்கு வெளியே வரிசையைப் பார்த்தேன், பாதிப்பேர் உன் வயசுப் பையன்கள், பக்கத்தில் டிபன் கேரியரோடு அவர்கள் வீட்டுப் பெண்கள், உள்ளே இருப்பதை எப்படி வாய்க்குள் கொண்டுபோவது என்று தெரியாமல். எழுதுவதாக இருந்தால் என் பேரைப் போட்டு எழுது. மன்சுக் வாகேலா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், மாவாவால் வந்தது என்று போடு, சத்தியத்தை மீறியதையும் போடு. கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்புகிறோம். முகத்தைப் பற்றி பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு யோசித்துச் சொல்கிறேன், அதற்கு மட்டும் அவசரப்படுத்தாதே. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நியாயம்தான், ஆனால் கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே, அது உன் பழைய வழக்கம்.

நீ ஓடி வர வேண்டாம். புது வேலை, லீவு கிடைக்காது, அங்கே பனியில் விமானங்கள் நிற்கின்றன என்று செய்தியில் பார்த்தேன். ஜூசப்பாய் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜயேஷிடம் முதுகுவலிக்குக் குனிந்து பளு தூக்க வேண்டாம் என்று சொல். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். துளசிக்கு அம்மா தினமும் உன் பேரைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். பகவான் உன் கைக்கு ருசியையும் உன் வார்த்தைக்கு உண்மையையும் கொடுக்கட்டும், உங்கள் வீட்டு அடுப்பு நிறைந்து எரியட்டும். ரஸீலாவுக்குப் பதில் போட மறக்காதே, அவள் தினமும் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நிற்கும் அப்பா,
மன்சுக் கர்சன் வாகேலா

ஹிரல், அம்மா எழுதுகிறேன். இவர் எழுதியதை எல்லாம் படித்துவிட்டுத்தான் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். வர வேண்டாம் என்பது இவர் பேச்சு. ஆபரேஷன் அன்றைக்குக் கையெழுத்துப் போட வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று நான். இன்னொன்றுக்கு உன் பேரைக் கொடுத்துவிட்டேன். கிளம்பு.